பல்லுப் பிடுங்கிய மூன்றாம் நாள் வலிக்கு அந்தக் கப்சூல் மருந்தில்லை

தம்பி, நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே பதிலுக்கு வருகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். அம்மாவுக்கு 54 வயது, பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார், சீனி வியாதிக்கு மெட்ஃபோமின் குடிக்கிறார். மூன்று நாளைக்கு முன்னால் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கி, பனடோல் மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முதல் நாள் பெரிதாக வலிக்கவில்லை. இப்போது காது வரைக்கும் இழுக்கிறது, ராத்திரி தூக்கமில்லை, வாயில் ஒரு கெட்ட வாடை. காய்ச்சல் இல்லை, வீக்கமும் இல்லை. பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) மாமா தன்னிடம் மிஞ்சிய, அமொக்சிசிலின் என்கிற அன்டிபயோட்டிக் (கிருமியைக் கொல்கிற மருந்து) ஆறு கப்சூலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், அதைக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

கொடுக்க வேண்டாம். நாளைக்குக் காலையிலேயே அம்மாவைத் திரும்பவும் பல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொல்கிற அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் ட்ரை சொக்கட், அதற்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. கிளினிக்கில் பத்து நிமிட வேலை. நான் பல் மருத்துவராக மலையகத்து ஆஸ்பத்திரிகளில்தான் இவ்வளவு காலமும் வேலை பார்த்திருக்கிறேன், இதே கேள்வியை வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. இன்றைக்கு ராத்திரி அம்மாவின் முகத்தை டோர்ச் வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கி வருகிறதா, வாயை இரண்டு விரல் அகலத்துக்குக்கூடத் திறக்க முடியவில்லையா, எச்சில் விழுங்கவே கஷ்டப்படுகிறாரா, நாக்குக்கு அடிப்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு வருகிறதா, தாடைக்குக் கீழே தொட்டால் பலகை மாதிரி இறுகி இருக்கிறதா, காய்ச்சலும் நடுக்கமும் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு ஒன்றும் வாங்கமாட்டார்கள். லயத்து ரோட்டுக்கு வண்டி வராது என்றால் பெரிய ரோட்டு வரைக்கும் எப்படியாவது கொண்டுவந்துவிடுங்கள். கிருமி கழுத்துப் பக்கம் இறங்கினால் மூச்சுக்குழாயை நெருக்கிவிடும், அதற்கு ஊசியில் ஏற்றுகிற அன்டிபயோட்டிக்கும் சத்திரசிகிச்சையும் வேண்டும், மாமாவின் ஆறு கப்சூல் எந்த மூலைக்கும் காணாது. நீங்கள் எழுதியதில் இப்படி எதுவும் இல்லை என்பதால்தான் ட்ரை சொக்கட் என்று சொல்கிறேன்.

சரி, அது என்ன? பல்லைப் பிடுங்கியதும் எலும்பில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழிக்குள் ரத்தம் ஊறி உறைந்து, கரும்சிவப்பாக ஜெலி மாதிரி ஒரு கட்டி நிற்கும். அந்த ரத்தக்கட்டிதான் உண்மையான மருந்து. கீழே இருக்கிற எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காப்பது அதுதான், அதற்குள்ளேதான் புதுச் சதை வளர்ந்து வருகிறது. மூன்று நான்கு நாளில் அதன் மேல் வெள்ளையும் மஞ்சளும் கலந்த ஒரு படலம் தெரியும். நிறையப் பேர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு சீழ் கட்டிவிட்டது என்று பயந்து பார்மசிக்கு ஓடுகிறார்கள், இல்லாவிட்டால் தீக்குச்சியால் சுரண்டி எடுக்கிறார்கள். அது சீழில்லை, ஆறுகிற புண்ணின் மேல் வருகிற தோல் மாதிரி. அதைத் தொடவே கூடாது. ஈறு மூட மூன்று நான்கு வாரம் எடுக்கும், குழிக்குள் எலும்பு நிறைய மாசக்கணக்கில் ஆகும்.

அந்த ரத்தக்கட்டி முதல் சில நாளுக்குள் கரைந்தோ கழன்றோ போய்விட்டால் எலும்பு வெறுமனே கிடக்கும். காற்றுப் பட்டாலும் வலி, தேத்தண்ணி பட்டாலும் வலி. சாதாரணமாகப் பல் பிடுங்குகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும், கீழ்க் கடைவாய்ப் பல்லில்தான் அதிகம், கடைசி ஞானப்பல் என்றால் இன்னும் அதிகம். சாதாரண வலிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நாள்கணக்கிலேயே பிடித்துவிடலாம். சாதாரண வலி முதல் நாள் கடுமையாக இருந்து நாளுக்கு நாள் குறையும், ட்ரை சொக்கட் வலி இரண்டாம் மூன்றாம் நாளில்தான் தலை தூக்கும்.

ஒரு அக்கா வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிடுங்கி ஐந்தாம் நாள். கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, மற்றக் கையில் நாலாக மடித்த பத்திரிகைத் துண்டு. விரித்துக் காட்டினார்: மூன்று நிறத்தில் கப்சூல்கள், ஒன்று மூடுபனி ஈரத்தில் இளகி இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "எல்லாம் குடிச்சுப் பாத்துட்டேங்க டொக்டர், ஒன்னும் கேக்கல" என்றார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் குழிக்குள் எலும்பு சாம்பல் வெள்ளையாகத் தெரிகிறது, ஓரத்தில் பாக்குத் துண்டு ஒன்று சிக்கிக் கிடக்கிறது. இளஞ்சூட்டு உப்புத் தண்ணியால் கழுவி, கராம்புத் தைலம் சேர்ந்த மருந்தை மெல்லிய துணியில் தோய்த்து உள்ளே வைத்தேன். கன்னத்தில் இருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. எழும்பிப் போகிறபோது அந்தப் பொட்டலத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

உங்கள் அம்மாவுக்கும் இதைத்தான் செய்வார்கள். கழுவுவார்கள், மருந்து வைப்பார்கள், ஒன்றிரண்டு நாளில் மாற்றக் கூப்பிடுவார்கள், ஏழு பத்து நாளில் சரியாகிவிடும். கராம்புத் தைலம் என்று சொன்னேன் என்பதற்காக வீட்டில் நீங்களே கடையில் வாங்கி ஊற்றிவிடாதீர்கள், தனித் தைலம் ஈறைப் பொசுக்கிவிடும். குழிக்குள் புகையிலை, உப்புக்கல் வைக்கிற பழக்கமும் இருக்கிறது, அதுவும் வேண்டாம். எலும்பு வெறுமனே கிடக்கிற குழிக்கு, விழுங்குகிற மருந்து ரத்தத்தின் வழியாகப் போய்ச் சேருவதும் கஷ்டம். அங்கே கோளாறு கிருமியால் இல்லை, மூடி கழன்று போனதால் வந்தது.

மூடி ஏன் கழன்றது? இதைக் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. அம்மா வெற்றிலை போடுகிறவரா, அடுத்த நாளே கொழுந்து எடுக்க மலைக்குப் போனாரா? நம் பெண்கள் அப்படித்தான் செய்கிறார்கள், ஒரு நாள் நின்றால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும், எனக்குத் தெரியாததில்லை, என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். ஆனால் வாய் நிறைய எச்சிலைச் சேர்த்து உறிஞ்சித் துப்புகிற ஒவ்வொரு தடவையும் அந்த ரத்தக்கட்டியை இழுத்து எடுக்கிற மாதிரி. சுண்ணாம்பு புண்ணை அரிக்கும், பாக்குத் தூள் குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும், புகையிலையும் சிகரெட்டும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். குனிந்து பாரம் தூக்கினால் ரத்தம் மறுபடி கசியும். முதல் நாள் வீட்டிலே இருந்து, ஒரு கிழமைக்காவது வெற்றிலையை விட்டால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். அன்டிபயோட்டிக் குடிக்கிறதைவிட அது எவ்வளவோ பெரிய பாதுகாப்பு.

இனி நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்வி, "ஏன் எங்களுக்கு அன்டிபயோட்டிக் தரவில்லை?" தனியார் கிளினிக்கில் பிடுங்கிய உங்கள் நண்பனுக்குக் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் தோட்டத்து ஆட்கள் என்று பனடோலோடு அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனவருத்தம் எனக்கு விளங்குகிறது, அப்படி நினைக்க நமக்குக் காரணங்களும் இருந்திருக்கின்றன. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அம்மாவுக்குச் செய்தது சரியான வைத்தியம்.

கெட்டுப்போன பல்லைப் பிடுங்குவதே ஒரு சிகிச்சை. கிருமி குடியிருந்த இடத்தையே எடுத்து வெளியில் போட்டாயிற்று, மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும். பல் பிடுங்கும்போது கொஞ்சம் கிருமி ரத்தத்தில் கலக்கும், உண்மைதான், ஆனால் பல் துலக்கும்போதும் கரும்பு கடிக்கும்போதும்கூட அது நடக்கிறது, ஆரோக்கியமான உடம்பு கொஞ்ச நேரத்திலேயே அதைத் துடைத்துவிடும். கொக்ரேன் என்கிற ஆய்வுத் தொகுப்பு 2021இல் இதைத் திரும்பவும் பார்த்தது. அதில் பெரும்பாலும் ஞானப்பல் பிடுங்கிய ஆரோக்கியமான ஆட்கள்தான், அதாவது தொற்று வர வாய்ப்புக் கூடிய பல். அங்கேயே 19 பேருக்கு அன்டிபயோட்டிக் கொடுத்தால் ஒருவருக்கு மட்டுமே தொற்றுத் தவிர்க்கப்படுகிறது, மிச்சம் 18 பேருக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. சாதாரணமாகக் கழன்று வருகிற பல்லுக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசமாகத்தான் இருக்கும். அப்புறம் இன்னொன்று: தடுப்புக்காகக் கொடுக்கிற இடத்தில், கத்தி படுவதற்கு முன்பே மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் வலி வந்த பிறகு குடிப்பது மழை பெய்து முடிந்த பிறகு கூரைக்குத் தகரம் போடுகிற கதை.

யாருக்குக் கட்டாயம் வேண்டும் என்பதும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதியதை வாசித்துவிட்டு வேண்டியவர்களும் குடிக்காமல் விட்டுவிடுவார்கள். முகம் வீங்கி, காய்ச்சலோடு, தொற்று பரவுகிற ஆட்களுக்குக் கொடுப்போம், வழக்கமாக அமொக்சிசிலின் 500 மில்லிகிராம் எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று, சில சமயம் மெட்ரோனிடசோலும் சேர்த்து, இரண்டு மூன்று நாளில் திரும்ப வரச்சொல்லிப் பார்ப்போம். அப்போதும் சீழை வெளியேற்றுவதுதான் முதல் வேலை, மருந்து அதற்குத் துணை. செயற்கை இதய வால்வு வைத்தவர்கள், இதய உள்ளுறையில் முன்பே தொற்று வந்தவர்கள், பிறவியிலேயே சில வகை இதயக் கோளாறு உள்ளவர்கள், இவர்களுக்குப் பிடுங்குவதற்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால் பெரியவர்களுக்கு 2 கிராம் அமொக்சிசிலின் ஒரே தடவை. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்து. சின்ன வயதில் வாதக்காய்ச்சல் வந்து மாசாமாசம் பெனிசிலின் ஊசி போடுகிறவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்கள் அந்த கிளினிக் புத்தகத்தைக் கட்டாயம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். புற்றுநோய் மருந்து ஏற்றுகிறவர்கள், சீனி கட்டுப்படாதவர்கள், எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒன்று குளிசை குடிக்கிறவர்கள், எல்லாரும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாய்ப் புற்றுநோய்க்கு மஹரகம ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சை எடுத்தவர்கள் என்றால் சாகும்வரை எந்தப் பல்லையும் சும்மா பிடுங்கவே கூடாது, கதிர்பட்ட தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும். ஐந்து வருடத்துக்கு முன்னால்தானே எடுத்தேன் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

உங்கள் அம்மாவுக்குச் சீனி இருக்கிறது. மெட்ஃபோமினில் கட்டுப்பாட்டில் இருந்தால் அதற்காக மட்டும் அன்டிபயோட்டிக் தேவையில்லை. ஆனால் வலியால் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருப்பார், குளிசையை மட்டும் குடித்திருப்பார் இல்லாவிட்டால் அதையும் விட்டிருப்பார், நாளைக்குப் போகும்போது சீனி பார்த்துவிடச் சொல்லுங்கள். அளவு மிக ஏறியிருந்தால் கணக்கே மாறும், அப்போது டொக்டரே அன்டிபயோட்டிக் எழுதலாம். எழுதினால் தயங்காமல் கொடுங்கள், அவர் சொன்ன நாள் முழுக்க. வலி நின்றதும் நிறுத்தி, மிச்சத்தை அலுமாரியில் வைத்து, அடுத்த லயத்துக்குக் கொடுக்கக் கூடாது. மாமாவிடம் ஆறு மிஞ்சியதே அப்படித்தான்.

மாமா நல்ல மனதோடுதான் கொடுத்தார். ஆனால் யாருக்கு எழுதிய மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்போது வாங்கியது, ஒன்றும் தெரியாது. அமொக்சிசிலின் பெனிசிலின் வகை, அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கி மூச்சடைக்கும், அதுவும் லயத்தில் நடுராத்திரி நடந்தால் என்ன செய்வீர்கள்? அப்படி ஆகாவிட்டாலும் வயிற்றோட்டம் வரலாம், பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்று வரலாம். பார்மசியில் டொக்டரின் மருந்துத் துண்டில்லாமல் கேட்டு வாங்குகிற இன்னொன்று மெட்ரோனிடசோல், பிளாஜில் என்று சொல்வார்கள். அதைக் குடித்துக்கொண்டு சாராயமோ கசிப்போ எடுத்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துத் துவண்டுவிடலாம், மருந்து முடிந்து இரண்டு நாள் வரைக்கும் தொடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வோஃபரின் குடிக்கிறவர்களுக்கு அதனால் ரத்தம் நிற்காமல் போகலாம். சட்டப்படி அன்டிபயோட்டிக்கை டொக்டரின் துண்டில்லாமல் விற்கவே கூடாது, அந்தச் சட்டம் சும்மா எழுதி வைத்ததில்லை.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் பரிசு உரையிலேயே இதைச் சொல்லிவிட்டார், குறைந்த அளவில் கண்டபடி குடித்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று. 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அது எங்கோ நடக்கிற கதையில்லை. ஒரே லயத்தில், ஒரே தண்ணிக் குழாயில், பத்துக் குடும்பம் நெருங்கி வாழ்கிற இடத்தில் ஒருவர் உடம்பில் பழகின கிருமி மற்றவருக்குப் போக அதிக நேரம் ஆகாது. நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நிமோனியா வருகிறபோது அமொக்சிசிலின் வேலை செய்ய வேண்டும், எனக்கு அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கவலை.

ஒரு விஷயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம்தான் குறை. பிடுங்கிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அம்மாவுக்கு விளங்குகிற மொழியில் யாராவது சொன்னார்களா? நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் சிங்களத்தில் அச்சடித்த துண்டு ஒன்றைக் கொடுத்துத்தான் தமிழ் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அவர்களும் மரியாதையாக அதை மடித்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். மருந்தைவிடத் தேவையானது அந்த நாலு வசனம். தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. இங்கே நான் எழுதிவிடுகிறேன்: பஞ்சை அரை மணித்தியாலத்துக்கு மேல் நன்றாகக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். முதல் 24 மணித்தியாலத்துக்குக் கொப்பளிக்கவோ துப்பவோ ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சவோ வேண்டாம், எச்சிலை விழுங்கிவிடலாம், கொஞ்சம் ரத்தம் கலந்திருந்தாலும் பயமில்லை. குளிருக்குச் சூடான பிளேன்டீ கேட்கும், தெரியும், அன்றைக்கு மட்டும் ஆறவைத்துக் குடிக்கட்டும். ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் புதுப் பஞ்சையோ, நனைத்துப் பிழிந்த தேயிலைப் பையையோ வைத்து இன்னும் அரை மணித்தியாலம் கடிக்கலாம், தேயிலையில் இருக்கிற துவர்ப்பு ரத்தத்தை நிறுத்த உதவும். அடுத்த நாளிலிருந்து ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணியில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகு மெதுவாக வாய்க்குள் அலசலாம். மற்றப் பற்களைத் துலக்கலாம், துலக்கத்தான் வேண்டும்.

இன்றைக்கு ராத்திரி வலிக்குப் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. அம்மா 50 கிலோவுக்குக் குறைவென்றால் அந்த அளவும் கூடுதல், ஒன்றொன்றாகக் கொடுங்கள். புரூபன் (இபுபுரூபன்) இந்த வலிக்கு நன்றாகக் கேட்கும்தான், ஆனால் சீனிக்காரர்களுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று தெரியாமலும், வயிற்றுப் புண், ஆஸ்துமா இருந்தாலும், டெங்குக் காய்ச்சல் சந்தேகம் இருந்தாலும் கொடுக்கக் கூடாது. கிளினிக்கில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது உங்கள் அம்மாவுக்கு இல்லை, வாசிக்கிற மற்றவர்களுக்கு. மூன்று வாரத்துக்குப் பிறகும் குழி மூடாமல், ஓரம் தடித்து, தொட்டால் ரத்தம் வருகிற புண் இருந்தால் தயவுசெய்து இன்னொரு கோர்ஸ் அன்டிபயோட்டிக் வாங்கிக் குடிக்காதீர்கள். இலங்கை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முன்னால் நிற்பது வாய்ப் புற்றுநோய், வெற்றிலையும் புகையிலையும்தான் பெரிய காரணம். பல் தானாக ஆடிக் கழன்றது என்று நினைத்திருப்பார்கள், கீழே கட்டி வளர்ந்து பல்லைத் தள்ளியிருக்கும். மூன்று தடவை கப்சூல் மாற்றிக் குடித்து நாலு மாசத்தைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு ஐயாவை நான் பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு அனுப்பினேன். முதல் மாசமே வந்திருந்தால் சின்ன சத்திரசிகிச்சையோடு போயிருக்கும்.

நாளைக்குக் காலையில் நேரத்தோடு போய் நம்பர் எடுங்கள், அம்மாவின் சீனிக் கிளினிக் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் குழியைக் காட்டி "ட்ரை சொக்கட்" என்று மட்டும் சொல்லுங்கள், எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். எத்தனையாம் நாள் வலி கூடியது என்பதையும், வெற்றிலை போட்டதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், யாரும் ஏசமாட்டார்கள், ஏசினாலும் மருந்து வைத்துத்தான் அனுப்புவார்கள். மாமாவின் கப்சூலை ஓடையில் போடாமல் ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் கொடுத்துவிடுங்கள். மருந்து வைத்த பிறகு வலி எப்படி இருக்கிறதென்று நாளை பின்னேரம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள் தம்பி.